பலதரப்பு மக்களை ஆய்வில் சேர்க்கும்போது நான் செய்த தவறுகள்

போன மாதம் ஒரு மாணவி தன் ஆய்வுத் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார். புரட்டப் புரட்ட என் பழைய தவறுகளே கண்ணில் பட்டன. கல்லூரி மாணவர்களை மட்டும் வைத்து மனித மனத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு இதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த ஆய்வுகளை உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் அலசிப் பார்த்தார். பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்திய தொழில்வள நாட்டினர். இதைத் திருத்தக் கிளம்பியவர்கள் சறுக்கும் இடங்கள்தான் என் கவலை.

மொழிபெயர்த்தால் போதும் என்று நம்புவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. 1977இல் வெளியான சிஇஎஸ்-டி என்ற மனச்சோர்வு அளவுகோலில் 20 வாக்கியங்கள். அதில் ஒன்று, 'மற்றவர்களுக்கு நான் சளைத்தவர் இல்லை என்று உணர்ந்தேன்' என்ற பொருளில் வரும். கடந்த வாரத்தில் அப்படி உணர்ந்தது மிக அரிது என்றால் சோர்வுக் கணக்கில் 3 புள்ளி ஏறும்.

ஒரு பாட்டியிடம் இதைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "என்னை நானே அப்படிச் சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். அவருடைய அடக்கத்துக்கு நாங்கள் 3 புள்ளி போட்டோம்.

திருப்பி ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துச் சரிபார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். செய்தோம், வரிக்கு வரி அச்சாக வந்தது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் திரும்பும்போதும் அப்படித்தானே வரும்? கேட்பவர் காதில் அது எப்படி விழுகிறது என்பதை அந்தச் சோதனை காட்டாது.

முதலில் பத்துப் பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் என்ன நினைத்துப் பதில் சொன்னீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் முன் அளவுகோல் இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று புள்ளியியல் சோதனை நடத்துங்கள். ஒரே அளவு சோர்வு உள்ள இருவர், குழு வேறு என்பதற்காகவே வேறு புள்ளி பெற்றால் அந்த ஒப்பீடு செல்லாது. நாங்கள் இதைக் கடைசியில் செய்ததால் ஓராண்டு உழைப்பில் பாதி குப்பைக்குப் போனது. செய்யாமல் விட்டிருந்தால், ஒரு சமூகமே சோர்ந்து கிடக்கிறது என்று அச்சில் ஏற்றியிருப்போம்.

'மற்றவர்கள்' என்ற கட்டம்

ஆள் குறைவு என்று நான்கு வெவ்வேறு சிறு குழுக்களை ஒன்றாக அதில் கொட்டாதீர்கள்.

பெரும்பான்மையோடு ஒப்பிட்டே தீர வேண்டுமா?

தேவையில்லை. ஒரு சமூகத்துக்குள் இருக்கும் வேறுபாடே முழு ஆய்வுக்குத் தாங்கும்.

கடைசி மாதத்தில் ஆள் தேடுவது

பகல் பதினொரு மணிக்கு ஆய்வகத்துக்கு வரச் சொன்னால் தினக்கூலிக்காரர் எப்படி வருவார்? முதல் வாரத்திலேயே அவர்களிடம் போய் நேரம் கேளுங்கள். நான் தாமதமாகப் போனபோது ஒருவர், "முன்னாடி வந்தவங்களும் இப்படித்தான் எழுதிக்கிட்டுப் போனாங்க, முடிவை யாரும் சொல்லல" என்றார். விசாரித்தால், அது எங்கள் குழுதான். ஒரு பக்கச் சுருக்கம் எழுதி அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தோம், நான்கு ஆண்டு தாமதமாக.