ஹைப்ரிட் காரின் உண்மையான மைலேஜைக் கணக்கிடுவது எப்படி?

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகிய இரண்டின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவே காரை ஓட்டவல்ல மின்மோட்டாரும் உள்ள) வகைக்கும் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று சான்று இருக்கிறது. ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் 2022இல் 26.5 என்ற எண்ணோடு விற்பனைக்கு வந்தது. இன்னோவா ஹைகிராஸுக்கு 23.24. இவற்றில் ஒன்றை வாங்கிய நண்பர்கள் சில வாரங்களில் "எனக்கு ஏன் அந்த எண் வரவில்லை?" என்று கேட்கிறார்கள். உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று திருப்பிக் கேட்டால், டிஸ்ப்ளேயில் தெரிந்த எண்ணையோ, ஒரே ஒரு பயணத்தில் பார்த்த எண்ணையோ சொல்கிறார்கள். அந்த இரண்டை வைத்தும் எந்த முடிவுக்கும் வர முடியாது. பெட்ரோல் பில்களைச் சேர்த்துவைத்துக் கணக்கிட்டு, படிப்படியாக நான் செம்மை செய்துகொண்ட முறையைக் கீழே தருகிறேன்.

இது ஸ்ட்ராங் ஹைப்ரிட் கார்களுக்கானது. மைல்டு ஹைப்ரிடில் மோட்டார் மட்டும் தனியாகக் காரை ஓட்டாது. சாதாரணப் பெட்ரோல் காருக்கான எதிர்பார்ப்பே அதற்குப் போதும். சார்ஜரில் செருகும் பிளக்-இன் ஹைப்ரிடுக்குக் கணக்கே வேறு. ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவ்வகைக் கார்கள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு, சோதனை எண்ணைப்போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

இந்தியாவில் சான்று எண்ணைத் தருவது, ஐரோப்பாவின் பழைய சோதனையைத் தழுவி அமைத்த எம்ஐடிசி என்ற ஓட்ட முறை. கார் சாலைக்குப் போவதில்லை. ஆய்வகத்தில் உருளைகளின்மேல் 1,180 விநாடி, அதாவது இருபது நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாக ஓடுகிறது. நகர ஓட்டப் பகுதி நான்கு முறை வரும். அதில் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டாது. பிறகு ஒரு முறை புறநகர் ஓட்டம். அங்கே உச்சம் 90. ஏசி அணைந்திருக்கும்.

இதில் ஹைப்ரிடுக்கு மிகவும் சாதகமான ஒன்று இருக்கிறது. சோதனை நேரத்தில் ஏறக்குறைய கால்பங்கு கார் அசையாமல் நிற்கிறது. நிற்கும்போது ஹைப்ரிடின் இன்ஜின் அணைந்துவிடும். ஏசியும் இல்லாததால், இன்ஜின் சூடேறிய பிறகு அந்த நிற்கும் நேரத்துக்கு ஒரு சொட்டுப் பெட்ரோலும் செலவாகாது. மே மாதம் கிண்டி சிக்னலில் நிற்கும் காருக்கு அந்த வசதி கிடையாது. ஹைரைடரின் பேட்டரி 0.76 யூனிட் (கிலோவாட்-மணி) மட்டுமே. அதிலும் மேலும் கீழும் ஒரு பகுதியை மென்பொருள் ஒதுக்கி வைத்துவிடுவதால், பயன்படுவது ஏறக்குறைய பாதி. வெயிலில் ஏசி ஒரு கிலோவாட்டுக்குமேல் இழுக்கும்போது அந்த இருப்பு இருபது நிமிடம்கூடத் தாங்காது. பிறகு நின்ற இடத்திலேயே, ஏசிக்காக மட்டும் இன்ஜின் ஓடத் தொடங்கும். சான்று எண்ணுக்கும் சென்னை எண்ணுக்கும் இடையிலான தூரத்தில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கருத்து.

படி 1: டேங்கில் ஒரு கோடு

காலையில், காரை ஓட்டுவதற்கு முன்பே, டயர் காற்றைச் சரிபாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவே போதும். இதற்குச் சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கிக்கொள்வதை வலியுறுத்துவேன். பெட்ரோல் பங்க் ஒவ்வொன்றிலும் காற்று மீட்டர் வேறு வேறாகக் காட்டுகிறது.

பிறகு பங்கில் டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். "ஜீரோ பாருங்க சார்" என்பதை மட்டும் கவனித்தால் போதாது, நாசில் தானாக நிற்கும் கணத்தையும் கவனிக்க வேண்டும். நாசிலின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கிறது. பெட்ரோலோ நுரையோ அதை மூடியதும் உள்ளே வால்வு விழுந்து ஓட்டம் நிற்கிறது. வேகமாக அடித்தால் நுரை அதிகம், ஆகவே முன்பே நிற்கும். மெதுவாக அடித்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். தரை சாய்வாக இருந்தாலும் அளவு மாறும். அதனால் ஒரே பங்க், ஒரே பம்ப், கார் நிற்கும் திசையும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்திவிட வேண்டும். 2,860 ரூபாயில் நின்றால், "ரவுண்டா 2,900 போட்டுடவா சார்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த 40 ரூபாய் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் சேராது என்பது ஒரு காரணம். டேங்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டருக்குள் திரவப் பெட்ரோல் புகுந்து அதைக் கெடுத்துவிடலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இந்த இடத்தில் தொடக்கநிலையினர் பலர் தடுமாறுகிறார்கள், ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன். முதல் முறை எத்தனை லிட்டர் போட்டீர்கள் என்பது கணக்கில் சேரவே சேராது. அந்த நிரப்பல், டேங்கில் ஒரு கோடு போடுவதற்கு மட்டுமே. அப்போது ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்து, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே கோடுவரை நிரப்ப எவ்வளவு பிடிக்கிறதோ, அதுவே இடையில் ஓடிய தூரத்துக்கான செலவு.

படி 2: அவசரப்பட்டு நிரப்பாதீர்கள்

ஆட்டோ கட் எவ்வளவு கவனித்தாலும் ஒரு லிட்டர் முன்பின் ஆகலாம். பத்து லிட்டர் செலவானதும் நிரப்பினால் அந்த ஒரு லிட்டர் பத்து சதவீதப் பிழை. 35 லிட்டர் செலவான பிறகு நிரப்பினால் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. இன்னும் நல்ல செய்தி, தொடர்ந்து பல டேங்குகளைக் கூட்டிக் கணக்கிட்டால் இடையில் வரும் பிழைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். முதல் கோட்டின் பிழையும் கடைசிக் கோட்டின் பிழையும் மட்டுமே மிஞ்சும்.

ஒரு பயணத்தை மட்டும் வைத்து அளப்பது ஹைப்ரிடில் ஏன் கூடாது என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. புறப்படும்போது பேட்டரி நிறைந்திருந்து, சேரும்போது காலியாக இருந்தால், அந்த மின்சாரத்தின் விலையை அடுத்த பயணம்தான் கட்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய ஒன்பது யூனிட் வெப்ப ஆற்றல் இருக்கிறது. நல்ல இன்ஜின் அதில் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் வேலையாக மாற்றும். அப்படியானால் பேட்டரியின் பயன்படும் இருப்பு முழுவதும் சுமார் 100 மில்லி பெட்ரோலுக்குச் சமம். பத்து கிலோமீட்டர் பயணத்துக்கு மொத்தமே 450 மில்லி அளவுதான் தேவை என்னும்போது, அந்த 100 மில்லி முடிவையே மாற்றிவிடும். 30 லிட்டர் கணக்கில் அது ஒரு பொருட்டே இல்லை. நண்பர்கள் அனுப்பும் "40 கிலோமீட்டர் கொடுத்தது" என்ற டிஸ்ப்ளே படங்களில் பல இவ்வாறு வந்தவைதான்.

படி 3: கணக்கு

எனக்குப் பிடித்த கருவி ஒரு ஸ்ப்ரெட்ஷீட்: தேதி, ஓடோமீட்டர், லிட்டர், எந்தச் சாலை என்று நான்கு பத்திகள். மைலேஜ் செயலிகள் பல இருந்தாலும், அவற்றின் சராசரி எவ்வாறு வருகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காரின் கணினியோடு இணையும் ஓபிடி கருவியைச் செருகி எரிபொருள் பார்ப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காரின் கணினி மதிப்பிட்ட எண்ணைத்தான் அதுவும் திருப்பிச் சொல்கிறது. என் காரில் டிஸ்ப்ளே எப்போதும் பங்க் கணக்கைவிடச் சற்றுக் கூட்டியே காட்டுகிறது.

சராசரி எடுப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு டேங்கில் 600 கிலோமீட்டருக்கு 24 லிட்டர் செலவானால் மைலேஜ் 25. அடுத்ததில் 200 கிலோமீட்டருக்கு 12.5 லிட்டர் ஆனால் 16. இந்த இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 20.5 வரும், அது தவறு. மொத்தம் 800 கிலோமீட்டரை மொத்தம் 36.5 லிட்டரால் வகுக்க வேண்டும், விடை 21.9.

பணக் கணக்குக்கு நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பார்ப்பதே நல்லது. 27.97 எதிர்பார்த்தவருக்கு 22 கிடைத்தால், நூறு கிலோமீட்டருக்கு 3.58 லிட்டருக்குப் பதில் 4.55 லிட்டர். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, லிட்டர் நூறு ரூபாய் என்றால், சுமார் 970 ரூபாய் கூடுதல். ஆனால் 12 கொடுத்த பழைய காரிலிருந்து 22க்கு மாறியவர் அதே ஆயிரம் கிலோமீட்டரில் ஏறக்குறைய 3,800 ரூபாய் மிச்சப்படுத்துகிறார். ஆகவே ஒப்பிட வேண்டியது உங்கள் பழைய காரோடு. விளம்பர எண்ணோடு ஒப்பிட்டு மனம் கசப்பதில் பொருளில்லை.

படி 4: சாலையைப் பிரித்துப் பாருங்கள்

முடிந்தால் ஒரு டேங்கை முழுக்க நகரத்திலும், இன்னொன்றை முழுக்க நெடுஞ்சாலையிலும் ஓட்டிக் குறியுங்கள். பெட்ரோல் காரில் பழகியவர்கள் நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும் என்றே எதிர்பார்ப்பார்கள். ஹைப்ரிடில் பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரமே பெரிய ஆதாயம். திருச்சி சாலையில் 110இல் போகும்போது பிரேக்கும் இல்லை, ஆதாயமும் இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், 90இலிருந்து 110க்குப் போனாலே அது ஏறக்குறைய பாதி அதிகமாகிவிடும். சோதனை 90இலேயே நின்றுவிட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

காரின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல பாடம் நடந்தது. ஃபோர்டு நிறுவனம் சி-மேக்ஸ் ஹைப்ரிடுக்குக் கேலனுக்கு 47 மைல் என்று விளம்பரம் செய்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழின் சோதனையில் 37 மைல்தான் வந்தது. விசாரித்ததில், அதே இன்ஜின் கொண்ட ஃப்யூஷன் ஹைப்ரிடின் சோதனை எண்ணையே, உயரமான சி-மேக்ஸுக்கும் போட்டிருந்தது தெரிந்தது. விதிகளும் அதை அனுமதித்தன. 2013 ஆகஸ்டில் எண்ணை 43 ஆகக் குறைத்து, வாங்கியவர்களுக்கு 550 டாலர் கொடுத்தார்கள். 2014இல் அது மீண்டும் 40 ஆகக் குறைந்தது. முதல் திருத்தத்துக்கு வழிவகுத்தது உரிமையாளர்களும் இதழ்களும் அளந்து எழுதியதுதான்.

பின்சேர்க்கை

இம்முறையைப் பின்பற்றிய இருவருக்கு எண் மிகக் குறைவாக வந்தது. அவர்களில் ஒருவர் காலையும் மாலையும் பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவர். இன்ஜினும் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடேறும்வரை, தேவையில்லாவிட்டாலும் ஹைப்ரிட் இன்ஜினை ஓட்டும். அது அணையத் தொடங்கும் வேளையில் அவர் வீட்டை அடைந்துவிடுகிறார். வேலைகளைச் சேர்த்து ஒரே சுற்றாக முடிப்பதைத் தவிர இதற்கு வழியில்லை.

மற்றவரின் கேள்வி, எத்தனால் இருபது சதவீதம் கலந்த இ20 பெட்ரோலைப் பற்றியது. லிட்டர் கணக்கில் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே இருபது சதவீதம் கலந்தால் தூய பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் ஆற்றல் குறையும். முன்பு கிடைத்த இ10ஓடு ஒப்பிட்டால் அதில் பாதியளவு. பழைய பில்களையும் புதிய பில்களையும் ஒப்பிடுபவர்கள், இ20க்கு மாறிய தேதியில் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு கோடு போட்டு, அதற்கு முன்னும் பின்னும் தனித்தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.