வில்சன் ஃபிஸ்க்கை எப்படிப் பார்ப்பது?

2015-இல் வந்த மார்வெல் சூப்பர்ஹீரோ தொடர் 'டேர்டெவில்' முதல் சீசனை இப்போதுதான் தொடங்கப் போகிறீர்களா? எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு கைப்பேசியில் பார்க்காதீர்கள். வில்லன் ஃபிஸ்க்காக வரும் வின்சென்ட் டோனோஃப்ரியோ பேசாமல் நிற்கும்போதுதான் அதிகம் நடிக்கிறார், அதற்கு வீட்டு டிவியும் அமைதியும் வேண்டும்.

13 எபிசோடையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். நான்காவதில் ஃபிஸ்க் கார் கதவாலேயே ஒருவனின் தலையை நசுக்குகிறான், பார்த்தால் வெறுப்பு வரும், வரட்டும். அப்புறம் எட்டாவது. தனியாக ஆம்லெட் போடுகிறான், கறுப்பு உடையைத் தேர்ந்தெடுத்து மாட்டுகிறான், கண்ணாடியைப் பார்த்தால் அதில் ரத்தம் தெறித்த ஒரு சின்னப் பையன் நிற்கிறான், அம்மாவை அடித்த அப்பாவைச் சுத்தியலால் கொன்ற அதே பையன். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அங்கே நிறுத்துங்கள். பாவப்படுகிறீர்களா, மன்னிக்கிறீர்களா? இரண்டும் வேறு. பிடோக் வீட்டில் அக்காவும் நானும் கோப்பி ஆறிப்போகும்வரை இதற்காகச் சண்டை போட்டோம். நகரத்தைச் சீராக்குவதாக அவன் உண்மையாகவே நம்புகிறான் என்பது அக்காவின் கட்சி. சரி, நம்பட்டும். ஆனால் ஒன்பதாவதைப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்: வாடகை வீட்டைக் காலி செய்ய மறுத்த எலேனா பாட்டியை ஆள் வைத்துக் கொல்பவனும் அவன்தான்.