சுவர் எங்கே முடிகிறது? அலுவலக வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேரும் பிள்ளைகள் வரைந்து கொண்டுவரும் படங்களைப் பார்த்தால், பத்து வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகள் அப்படியே இருக்கின்றன. நிறம், நாற்காலி, விளக்கு பற்றியெல்லாம் தானாகவே கற்றுக்கொள்வார்கள். வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்று ஆகிவிட்ட பிறகு பணத்தைக் கரைக்கிற தவறுகள் வேறு.

சராசரியை வைத்து மேஜை போடுவது

200 பேர் உள்ள கம்பெனி, நாளுக்குச் சராசரியாக 100 பேர் வருகிறார்கள், சரி, 100 மேஜை போதும் என்று முடிவு செய்கிறோம். டீம் மீட்டிங் உள்ள புதன்கிழமை 150 பேர் வந்து நிற்பார்கள். கேன்டீனில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார். கூட்டம் அதிகமான நாளை எண்ணுங்கள்.

சுவரை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்துவது

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனி. வீடியோ கால் பேசுவதற்கென்றே ஆறு சின்ன அறைகள் போட்டேன். இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு, நடுவில் ஒலியை உறிஞ்சும் கிளாஸ் வுல். நல்ல சுவர்தான். குடிவந்த இரண்டாவது வாரம் எச்.ஆர். பார்க்கும் அம்மா கூப்பிட்டார். என்னை ஒரு அறையில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்ச் சாதாரணக் குரலில் ஏதோ ஒரு சம்பளப் பட்டியலைப் படித்தார். ஒவ்வொரு எண்ணும் கேட்டது. முந்தின நாள் அந்த அறையில்தான் ஒருவரிடம் வேலை போகும் செய்தியைச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் கதவைத் திறந்து வெளியே வருவதற்குள் பக்கத்து அறைக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

ஏணி போட்டு ஒரு சீலிங் டைலைத் தூக்கி டார்ச் அடித்தேன். சுவர் சீலிங் மட்டத்தோடு நின்றிருந்தது. அதற்கு மேல் கான்கிரீட் வரை இரண்டரை அடி வெற்றிடம், ஆறு அறைக்கும் பொதுவாக. வெளிச்சம் கடைசி அறை வரை போய் விழுந்தது. குரலும் அதே வழியில்தான் ஏறி இறங்குகிறது.

கணக்கு எளிது. சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எப்பேர்ப்பட்ட சுவரும் சுமார் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்காது. பக்கத்து அறைப் பேச்சு புரியாமலிருக்க அதைப்போல இரு மடங்காவது வேண்டும். கதவுக்கு அடியில் விடும் சந்துக்கும் இதே கணக்குதான்.

சீலிங்கைப் பிரித்து, டக்ட் (ஏசிக் காற்று போகும் குழாய்), தீயணைப்புக் குழாய் எல்லாவற்றையும் சுற்றிப் போர்டு வெட்டி, சுவரைக் கான்கிரீட் வரை ஏற்றி, சனி ஞாயிறு மட்டும் வேலை பார்த்து முடித்தோம். முதலிலேயே செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல மூன்று மடங்கு.

போன மாதம் வந்த ஒரு படத்திலும் இதே தவறு. எனக்கு இன்னும் ஆறவில்லை. மேலிருந்து பார்ப்பதுபோல் வரையும் பிளானில் சுவர் வெறும் கோடு. அது எந்த உயரத்தில் முடிகிறது என்பது, கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் செக்‌ஷன் வரைந்தால்தான் தெரியும். அதை வரையாமல் விட்டால், சைட்டில் சீலிங்கை முதலில் முடித்துவிட்டு அதன் அடியில் சுவரை நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு அதுதான் சுலபம். சுவரை மேலே கொண்டுபோனால் ரிட்டர்ன் ஏர் (அறையிலிருந்து ஏசிக்குத் திரும்பும் காற்று) வராது என்பார் ஏசிக்காரர். அவர் சொல்வது உண்மை. அதற்காகச் சுவரைக் குறைக்காதீர்கள். உள்ளே ஒலி உறிஞ்சும் லைனிங் ஒட்டிய, வளைந்த டக்ட் ஒன்றைச் சுவரின் வழியே கொடுங்கள்.

சுவரே வேண்டாம் என்பது

திறந்த கூடம் போட்டால் எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்று முதலாளிகள் நம்புகிறார்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் இரண்டு பெரிய நிறுவனங்களில் அளந்து 2018-இல் வெளியிட்ட முடிவு நேர்மாறானது: கூடமாக்கிய பிறகு நேரில் பேசுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல் கூடியது.

முதுகுக்குப் பின்னால் ஜன்னல்

வீடியோ காலில் வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். திரையைப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றுங்கள்.

லாக்கர் இல்லாமை

மேஜை யாருக்கும் சொந்தமில்லை என்றால் ஹெல்மெட்டும் டிபன் பாக்ஸும் எங்கே போகும்?