கணினி மெதுவாகிவிட்டதா? வைரஸ் மேல் பழி போடுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு அடுப்படிக்குப் போய் காபி கலந்து எடுத்து வந்தாலும், திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "வைரஸ் ஏறிடுச்சுன்னு கடையில சொன்னாங்கப்பா. ஆன்டிவைரஸ் போட்டுக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் இன்னும் மோசமாயிடுச்சு" என்றார். திறந்து பார்த்தால், ஏற்கெனவே ஒரு ஆன்டிவைரஸ் இருந்த மெஷினில் இரண்டாவதாக இன்னொன்றை ஏற்றியிருக்கிறார்கள். வைரஸ் ஒன்றுகூட இல்லை.

எங்கே அடைக்கிறது என்று பார்க்காமல் மருந்து வாங்குவதால் வருகிற பிரச்சினை இது. அன்று நான் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் ரீஸ்டார்ட்

"தினமும் ஷட் டவுன் பண்ணித்தானே வைக்கிறேன்" என்பீர்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் உள்பகுதியை அப்படியே சேமித்து வைத்து, மறுநாள் அதையே எழுப்பும். பழைய சிக்கலும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அத்தையின் மெஷின் கடைசியாக முழுசாகத் தொடங்கி 41 நாள் ஆகியிருந்தது. இந்தக் கணக்கை டாஸ்க் மேனேஜரில் (திறக்கும் வழி அடுத்து வருகிறது) 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில், கணினியின் மூளையான சி.பி.யு.வைத் தேர்ந்தெடுத்தால் கீழே 'அப் டைம்' என்ற இடத்தில் பார்க்கலாம்.

டாஸ்க் மேனேஜர் சொல்வதைக் கேளுங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீயையும் சேர்த்து அழுத்துங்கள். சின்ன பெட்டியாக வந்தால் 'மோர் டீடெய்ல்ஸ்' கொடுங்கள். கணினி ஆன் ஆனதும் சிறிது நேரம் எல்லாமே பரபரப்பாகத்தான் இருக்கும், ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்ற மூன்று தலைப்பில் எது 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதோ, சிக்கல் அங்கேதான். தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் தின்னும் புரோகிராம் மேலே வரும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? பழைய லேப்டாப்களில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். அத்தை மெஷினிலும் இதேதான். 100 சதவீதம் என்று காட்டியது, ஆனால் நகர்ந்த டேட்டாவோ விநாடிக்கு ஒன்றிரண்டு எம்.பி. மட்டுமே. உள்ளே நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க். அதன் முனை ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் தட்டின் மேல் இங்கும் அங்கும் ஓட வேண்டும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே ஃபைலை மாற்றி மாற்றிச் சோதித்தால் அது என்ன செய்யும்? சிப்பில் சேமிக்கும் புதுவகை டிரைவான எஸ்.எஸ்.டி.யில் ஓடுகிற பாகமே கிடையாது. பெரும்பாலான பழைய லேப்டாப்களில் அதே இடத்தில் 2.5 அங்குல 'சாட்டா' (இணைப்பு வகையின் பெயர்) எஸ்.எஸ்.டி. பொருந்தும். செலவு செய்வதாக இருந்தால் முதல் செலவு இதற்குத்தான் என்பேன். மாற்றிய பிறகு அத்தையின் மெஷின் அரை நிமிடத்துக்குள் திறக்கிறது.

மாற்றுவதற்கு முன் 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று வந்தால் மற்ற வேலையை விட்டுவிட்டு, அன்றைக்கே போட்டோக்களையும் முக்கிய ஃபைல்களையும் வேறு டிரைவுக்கு நகலெடுங்கள்.

மெமரி என்பது ரேம், ஓடுகிற புரோகிராம்கள் தற்காலிகமாகத் தங்கும் இடம். 4 ஜி.பி. ரேம் உள்ள மெஷினில் அது நிறைந்திருந்தால், இன்றைய பிரவுசருக்குப் போதவில்லை என்று அர்த்தம். ரேம் நிறைந்தால் விண்டோஸ் டிஸ்க்கைக் கடன் வாங்கும், அதனால் டிஸ்க்கும் சேர்ந்து திணறும். 8 ஜி.பி.யாக ஏற்றலாம். ரேமில் தலைமுறைகள் உண்டு, டி.டி.ஆர்.3 இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது, மாடலைப் பார்த்து வாங்குங்கள். சில லேப்டாப்களில் ரேமைப் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், அங்கே வழியில்லை.

சி.பி.யு. அதிகமாக ஓடி, 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' மேலே நின்றால் பயப்பட வேண்டாம். அது விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர்தான், ஸ்கேன் முடிந்ததும் அடங்கிவிடும்.

தேவையில்லாததை நிறுத்துங்கள்

டாஸ்க் மேனேஜர் ஜன்னலிலேயே 'ஸ்டார்ட்அப்' பகுதி இருக்கிறது. கணினி ஆன் ஆகும்போதே எழ வேண்டாதவற்றை 'டிஸேபிள்' செய்யுங்கள். புரோகிராம் அழியாது, கூப்பிட்டால் வரும். ஆடியோ, டச்பேட், பாதுகாப்பு சம்பந்தமானவற்றைத் தொடாதீர்கள்.

சி டிரைவ் நிறைந்திருந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று போய்க் காலி செய்யலாம். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒன்று வரும். அதை டிக் செய்தால் நீங்கள் இறக்கி வைத்த பில், மார்க்‌ஷீட் எல்லாம் போய்விடும், கவனம்.

கிளீனர் மென்பொருள் எதுவும் வேண்டாம். 2017-ல் சிகிளீனரின் அதிகாரப்பூர்வப் பதிப்பிலேயே ஹேக்கர்கள் தீங்கு நிரலைப் புகுத்திவிட்டார்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது.

ஆன்டிவைரஸ்: ஒன்று போதும்

அத்தை மெஷினில் இருந்த இரண்டையும் நீக்கினேன். நீக்கியதும் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்றுக்கொண்டது. 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து பச்சை டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண வீட்டு உபயோகத்துக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. சந்தேகம் இருந்தால் அங்கேயே 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

காசு கொடுத்து வாங்கக் காரணம் இருக்கலாம்: பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, பல கணினிகள், கூப்பிட்டால் பேச ஆள். நம்மூர் ஆன்டிவைரஸும் உண்டு, 1991-ல் தொடங்கிய கே7 சென்னை நிறுவனம்தான். எதை வாங்கினாலும் ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கும் அமைப்புகளான ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் வெளியிடும் சோதனை முடிவுகளைப் பாருங்கள். பாதுகாப்பு மதிப்பெண்ணோடு, கணினியை எவ்வளவு மெதுவாக்குகிறது என்ற 'பெர்ஃபார்மன்ஸ்' மதிப்பெண்ணையும் பாருங்கள். இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலையையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அப்டேட் வராத விண்டோஸின் ஓட்டையை எந்த ஆன்டிவைரஸாலும் முழுதாக அடைக்க முடியாது. உங்கள் மெஷின் 11-க்கு ஏறுமா என்பதை மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' சொல்லிவிடும்.

அப்புறம், அந்த 'வைரஸ்' எச்சரிக்கை

"அப்போ மூலையில சிவப்பா வந்துட்டே இருக்கே, அது?" என்று அத்தை கேட்டார். அது பிரவுசர் நோட்டிஃபிகேஷன். ஏதோ ஒரு தளத்தில் 'அலோ' அழுத்தியதன் விளைவு. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கினேன். எச்சரிக்கை அதோடு நின்றது.

அப்படி வருவதில் போன் நம்பர் இருந்தால் அது மோசடிதான். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் போன் நம்பர் போடாது. யாராவது கூப்பிட்டு, உங்கள் திரையைத் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் எடுத்துவிட்டார்கள் என்றால் முதலில் வைஃபையை அணையுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள், அடுத்து பேங்க்குக்கு.