சோடியம் நாப்தலீனைடுக்குக் கரைப்பானை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சோடியமும் நாப்தலீனும் சேர்ந்து உருவாகும் இந்தச் சேர்மத்தைத் தயாரிக்க உட்காருபவர்கள் பலரும் முதலில் மின்காப்பு மாறிலி அட்டவணையைத்தான் திறக்கிறார்கள்; எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பை ஒரு கரைப்பான் எவ்வளவு தளர்த்தும் என்று காட்டும் எண் அது. அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அந்துருண்டையில் இருக்கிற அதே நாப்தலீன் சோடியத்திடம் ஒரு எலக்ட்ரானை வாங்கி எதிர்மின் தனி உறுப்பாக, அதாவது இணையில்லாத ஒரு எலக்ட்ரான் கொண்ட எதிர்மின் அயனியாக, மாற வேண்டுமென்றால், மிச்சமாகும் சோடியம் அயனியைக் கரைப்பான் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

டைகுளோரோமீத்தேனின் மாறிலி சுமார் 9, டெட்ராஹைட்ரோபியூரானுக்கு 7.5தான். எண் பெரிது என்று முதலாவதைச் சோடியத்தோடு சேர்த்தால் வெடித்துவிடும், கிட்டவே கொண்டுபோகாதீர்கள். ஆல்கஹால் புரோட்டானைக் கொடுத்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். டைஎத்தில் ஈதரில் ஆக்சிஜனுக்கு இரு பக்கமும் எத்தில் தொகுதிகள் ஆடிக்கொண்டு வழியை மறிப்பதால் வினை சரியாக நகராது. டெட்ராஹைட்ரோபியூரானில் அவை வளையமாகப் பின்னால் ஒதுங்கிவிடுகின்றன, அதன் ஆக்சிஜன் சோடியம் அயனியைத் தாராளமாக நெருங்கலாம். டைமெத்தாக்ஸிஈத்தேன் இன்னும் நல்லது: மாறிலி 7.2தான், ஆனால் 2 ஆக்சிஜன்களாலும் சோடியத்தைக் கவ்விக்கொள்ளும்.

சரி, செய்முறை. நன்றாக உலர்த்திய கரைப்பான், ஆர்கான், பொடியாக நறுக்கிய சோடியம், அப்புறம் கண்ணாடி பூசிய கலக்கி. டெஃப்லான் கலக்கி வேண்டாம், நாப்தலீனைடு அதைத் தின்று கறுக்க வைத்துவிடும். சோடியத் துண்டின் ஓரத்தில் பச்சை கசியத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் குடுவையே கரும்பச்சையாகிவிடும். நிறம் வெளுத்தால் காற்றோ ஈரமோ உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

பச்சை வந்துவிட்டதாலேயே அயனிகள் பிரிந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். இணையில்லாத எலக்ட்ரானைக் காட்டும் எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு நிறமாலை எடுத்துப் பாருங்கள். தனித்து நிற்கும் நாப்தலீன் அயனிக்கு 25 கோடுகள். சோடியம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் அணுக்கரு ஒவ்வொரு கோட்டையும் 4 ஆகப் பிளக்கும், ஆக 100 வரை போகலாம். ஆதர்டன், வைஸ்மன் என்ற ஆய்வாளர்கள் 1961-லேயே இந்தப் பிளவைப் பதிவு செய்தார்கள், எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இதுதான்! டெட்ராஹைட்ரோபியூரானில் இப்படிப் பிளவு தெரிந்தால் குளிர வையுங்கள். குளிரில் கரைப்பான் மூலக்கூறுகள் சோடியம், நாப்தலீன் அயனிகள் இரண்டுக்கும் நடுவே எளிதாக நுழைந்துகொள்ளும். குளிர வைக்க வசதியில்லையென்றால் சோடியம் அயனியைச் சூழ்ந்து பிடிக்கும் வளைய ஈதரான 15-கிரவுன்-5 கொஞ்சம் சேர்த்தாலும் சோடியம் விலகிவிடும்.