ஒரு குதிரை, ஏழு வேலைகள்: கணக்குப் பழகுவது எப்படி?

பாடப்புத்தகத்தில் சதவீதக் கணக்கு ஒன்று தப்பாகப் போனால் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவுதான். அடுத்த கணக்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. குதிரைத் தொழிலில் அப்படித் தப்பிக்க முடியாது. நெஞ்சளவு எடுத்தவரின் பிழை தீவனத்தில் தெரியும், மருந்தில் தெரியும், கடைசியில் லாயத்தின் வரவு செலவில் வந்து நிற்கும். அதனால்தான் ஒரே ஒரு கற்பனைக் குதிரையை எடுத்துக்கொண்டு, அதைத் தொட்டு வேலை செய்யும் ஆட்கள் ஒவ்வொருவரின் கணக்கையும் வரிசையாகப் போடப் போகிறோம். ஒரு படியின் விடை பெரும்பாலும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலோடு சதவீதமும் தெரிந்தால் போதும். குதிரையைப் பற்றி எதுவும் தெரிய வேண்டாம். கால்குலேட்டர் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் உத்தேசமாக ஒரு விடையை நோட்டில் எழுதிய பிறகே அதைத் தொடுங்கள். பணத்தை நான் 'காசு' என்றே எழுதுகிறேன், நீங்கள் எந்த நாணயத்தையும் வைத்துக்கொள்ளலாம். கூலியும் விலையும் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. அளவுகளும் வாய்பாடுகளும் தொழிலில் உண்மையாகவே புழங்குபவை.

படி 1: குதிரை வியாபாரி – உயரம்

ஆங்கிலம் பேசும் நாடுகளில் குதிரையின் உயரத்தை 'கை' என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கை என்பது 4 அங்குலம், அதாவது 10.16 செ.மீ. தரையிலிருந்து, கழுத்து முதுகோடு சேரும் மேடு வரை அளக்க வேண்டும். தலை கணக்கில் வராது.

நம் குதிரை 15.2 கை. இங்கேதான் பொறி. அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. 15 கையும் 2 அங்குலமும் என்று பொருள். எனவே 15 × 4 + 2 = 62 அங்குலம். 2.54ஆல் பெருக்கினால் 157.48 செ.மீ.

இப்போது 16.1 கை குதிரைக்கும் 14.3 கை குதிரைக்கும் உயர வித்தியாசம் என்ன? 1.8 என்று எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். நாலு அங்குலம் சேர்ந்தாலே ஒரு கை ஆகிவிடும்போது 8 அங்குலம் எங்கிருந்து வரும்? 65 அங்குலத்தில் 59ஐக் கழித்தால் 6 அங்குலம், அதாவது 1.2 கை. மணியையும் நிமிடத்தையும் கழிப்பது போன்றதுதான், கடன் வாங்கினால் 10 வராது, 4 வரும்.

படி 2: குதிரைக்காரர் – எடை

குதிரையை ஏற்றி நிறுத்தும் தராசு எல்லா லாயத்திலும் இருக்காது. அளவு நாடாவை வைத்து எடையைக் கணிக்க ஒரு வாய்பாடு உண்டு:

எடை (கிலோ) = நெஞ்சளவு × நெஞ்சளவு × உடல் நீளம் ÷ 11,880

அளவுகள் செ.மீ.யில். நெஞ்சளவு என்பது முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் உடம்பைச் சுற்றி எடுப்பது. நீளம், தோள்முனையிலிருந்து புட்டத்தின் முனை வரை.

நம் குதிரைக்கு நெஞ்சளவு 180, நீளம் 165. 180 × 180 = 32,400. அதை 165ஆல் பெருக்கினால் 53,46,000. 11,880ஆல் வகுத்தால் 450 கிலோ.

இதோடு நிறுத்தாதீர்கள். நீளத்தை 5 செ.மீ. கூட்டி அளந்துவிட்டதாக வைத்துக்கொண்டு மறுபடி போடுங்கள்: 463.6 கிலோ. ஏறத்தாழ 3 சதவீதப் பிழை. இப்போது நீளத்தை 165க்கே திருப்பிவிட்டு, நெஞ்சளவை 185 என்று போடுங்கள்: 475.3 கிலோ. அதே 5 செ.மீ., ஆனால் பிழை 5.6 சதவீதம். நெஞ்சளவு வாய்பாட்டில் இரண்டு முறை பெருக்கப்படுவதால் அதன் பிழையும் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. எந்த அளவை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும் என்று வாய்பாடே சொல்லிவிடுகிறது. வர்க்கம் என்றால் என்ன என்பதை வரையறையாக மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு கணக்கு மேல் என்பது என் கட்சி.

படி 3: தீவனப் பொறுப்பாளர் – சதவீதம்

வளர்ந்த குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் உலர்பொருள் தேவை. உலர்பொருள் என்றால் நீரை நீக்கிய பிறகு மிஞ்சுவது. 450 கிலோவில் 2 சதவீதம் 9 கிலோ.

ஆனால் காய்ந்த புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அதில் 90 சதவீதம் உலர்பொருள் என்று வைத்துக்கொண்டால் எத்தனை கிலோ புல் போட வேண்டும்? பலரும் 9 கிலோவோடு 10 சதவீதம் கூட்டி 9.9 என்று எழுதுவார்கள். 9.9 கிலோவில் 90 சதவீதம் எடுத்துப் பாருங்கள், 8.91தான் வரும். 9ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும். விடை 10 கிலோ. ஒன்றில் 10 சதவீதம் குறைந்ததை 10 சதவீதம் கூட்டிச் சரிக்கட்ட முடியாது.

வருடத்துக்கு 3,650 கிலோ. குதிரை மிதித்தும் சிதறியும் 10 சதவீதம் வீணாகும் என்றால், மறுபடியும் 0.9ஆல் வகுத்தால் சுமார் 4,056 கிலோ. ஒரு கட்டு 20 கிலோ என்றால் 202.8 கட்டு. பாதிக் கட்டு யாரும் தரமாட்டார்கள், 203 வாங்க வேண்டும். மாதத்துக்குச் சுமார் 17 கட்டு. இந்த 17ஐ வட்டமிட்டு வையுங்கள்.

படி 4: கால்நடை மருத்துவர் – விகிதம்

ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்தின் வழக்கமான அளவு, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். நம் குதிரைக்கு 450 × 0.2 = 90 மி.கி. பசையாக வரும் மருந்தில் 1.87 சதவீதம்தான் ஐவர்மெக்டின், அதாவது ஒரு கிராம் பசையில் 18.7 மி.கி. 90ஐ 18.7ஆல் வகுத்தால் 4.81 கிராம் பசை. எடையைக் குறைத்து மதிப்பிட்டால் மருந்தும் குறையும், பிழைத்த புழுக்கள் மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகும். இது கணக்குக்கு மட்டும். உண்மைக் குதிரைக்கு மருத்துவரைக் கேளுங்கள்.

படி 5: லாடம் அடிப்பவர் – நேரமும் கூலியும்

குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை செதுக்கி லாடத்தை மாற்ற வேண்டும். ஒரு குதிரைக்கு 6 வாரம், இன்னொன்றுக்கு 8 வாரம். இன்று இரண்டுக்கும் சேர்த்துச் செய்தால், மறுபடி ஒரே நாளில் எப்போது? மீச்சிறு பொது மடங்கு 24, ஆகவே 24 வாரம் கழித்து.

இதைவிடச் சுவையானது அவருடைய வருமானம். குதிரைக்கு 60 காசு, வேலை ஒரு மணி நேரம், ஒவ்வொரு இடத்துக்கும் போக அரை மணி நேரம். ஒரே லாயத்தில் 5 குதிரை இருந்தால் 5.5 மணியில் 300 காசு, மணிக்கு 54.5. ஐந்து குதிரையும் ஐந்து இடத்தில் இருந்தால் 7.5 மணி, அதே 300 காசு, மணிக்கு 40. கூலி மாறவில்லை, வருமானம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. ஒற்றைக் குதிரைக்காரரிடம் லாடம் அடிப்பவர் கூடுதலாகக் கேட்டால் பேராசை என்று சொல்வதற்கு முன், எவ்வளவு கூடுதலாகக் கேட்டால் அவருக்கு மணிக்கு 54.5 கிடைக்கும் என்று போட்டுப் பாருங்கள். குதிரைக்கு மொத்தம் சுமார் 82 காசு வரும்.

படி 6: ஓடுகளம் – வேகமும் வாய்ப்பும்

இங்கே நம் குதிரையைக் கொஞ்சம் ஓரமாகக் கட்டிவிட்டு நிஜக் குதிரை ஒன்றைப் பார்ப்போம். 1973இல் செக்ரடேரியட் என்ற அமெரிக்கக் குதிரை 12 பர்லாங் தூரமுள்ள பெல்மான்ட் ஸ்டேக்ஸ் என்ற பந்தயத்தை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி, 31 உடல்நீள இடைவெளியில் வென்றது. ஒரு பர்லாங் 201.168 மீட்டர். 12 பர்லாங் 2,414 மீட்டர். 144 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 16.76 மீட்டர். 3.6ஆல் பெருக்க, மணிக்கு சுமார் 60.3 கிலோமீட்டர். அதே ஆண்டு கென்டக்கி டெர்பி என்ற பந்தயத்தில் அது 10 பர்லாங்கை 1 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியது. அந்த வேகத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடியும் சராசரி வேகம் எவ்வளவு கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது என்பதைப் பார்த்தால், அந்த 31 எங்கிருந்து வந்தது என்று புரியும்.

அடுத்து புக்கியின், அதாவது பந்தயப் பணம் வாங்குபவரின் கணக்கு. நாலு குதிரை ஓடுகிறது. ஒரு காசு கட்டி வென்றால் முறையே 1, 2, 3, 4 காசு லாபம், கட்டிய காசும் திரும்பும். எது வென்றாலும் கையில் 100 வர வேண்டும் என்று நாலின் மேலும் கட்டுகிறீர்கள். 50, 33.33, 25, 20 காசு கட்ட வேண்டும். கூட்டிப் பாருங்கள்: 128.33. அதாவது 128.33 கொடுத்து 100 வாங்குகிறீர்கள். பின்னம் கூட்டத் தெரிந்தவர்கள் 1/2 + 1/3 + 1/4 + 1/5 என்று போட்டு, ஒன்றைத் தாண்டுகிறதா என்று பார்த்தாலே போதும். தாண்டிய பகுதியில்தான் புக்கியின் வருமானம் இருக்கிறது.

படி 7: லாயம் நடத்துபவர் – லாப நட்டம்

10 குதிரை நிற்கக்கூடிய லாயம். எல்லாம் நம் குதிரையின் எடையே என்று வைத்துக்கொள்வோம். குதிரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆகும் மாதச் செலவு (வாடகை, சம்பளம், காப்பீடு) 3,000 காசு. குதிரை ஒன்றுக்குப் புல் 17 கட்டு, கட்டு 10 காசு, ஆக 170. தரையில் பரப்பும் மரத்தூள் முதலியவை 80. மொத்தம் 250. குதிரையின் சொந்தக்காரர் மாதம் தருவது 600.

ஒரு குதிரையால் கையில் நிற்பது 600 − 250 = 350. நிலையான செலவை ஈடுகட்ட 3,000 ÷ 350 = 8.57. அரைக் குதிரை கிடையாது, 9 வேண்டும். 8 குதிரை என்றால் 200 காசு நட்டம், 9 என்றால் 150 லாபம், 10 என்றால் 500 லாபம். பத்தாவது குதிரை வந்ததும் லாபம் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. காலியாகக் கிடக்கும் ஒரு கொட்டிலைப் பார்த்து லாயக்காரர் ஏன் அவ்வளவு கவலைப்படுகிறார் என்பதற்கு இதுதான் காரணம்.

மழை பொய்த்துப் புல் விலை 20 சதவீதம் ஏறுகிறது. 170 இப்போது 204. கையில் நிற்பது 316. பத்துக் குதிரைக்கும் லாபம் 160தான். ஒரு செலவு 20 சதவீதம் ஏறியதற்கு லாபம் 68 சதவீதம் விழுந்துவிட்டது.

கட்டணத்தை 5 சதவீதம் ஏற்றலாமா? 630 ஆக்கினால் குதிரைக்கு 346 நிற்கும், பத்துக்கு 460 லாபம். நல்லதுதான். ஆனால் கோபித்துக்கொண்டு ஒரே ஒருவர் தன் குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விட்டால்? 9 × 346 − 3,000 = 114. ஏற்றாமல் இருந்திருந்தால் 160. சரியான முடிவு எது என்று எந்த வாய்பாடும் சொல்லாது. எத்தனை பேர் போய்விடுவார்கள் என்ற ஊகம்தான் தீர்மானிக்கும். ஊகத்தின் விலை எவ்வளவு என்பதை மட்டும் கணக்கு காட்டிவிடும்.

கடைசியாக ஒரு பயிற்சி, இதை விட்டுவிடாதீர்கள். புல் விலையைப் பழைய 10 காசுக்கும் கட்டணத்தை 600க்கும் திருப்பிவிடுங்கள். படி 2இல் நெஞ்சளவை 185 என்று அளந்துவிட்டதாகக் கொண்டு, எடை, தீவனம், கட்டு, லாபம் எல்லாவற்றையும் மறுபடி போடுங்கள். நாளொன்றுக்கு 10.56 கிலோ புல், மாதத்துக்கு 18 கட்டு, பத்துக் குதிரைக்கு 400 காசு லாபம் வந்தால் நீங்கள் போட்டது சரி.