கல்லாப் பக்கத்தில் இரண்டு கியூஆர் கோடு

பாளையங்கோட்டையில் கடைகளுக்கு அட்டை, ஸ்டிக்கர், ஃப்ளெக்ஸ் வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. எல்லாம் பேசி முடித்து எழும்பும்போது, "ஓரத்துல ஒரு கியூஆர் கோடும் போட்டுருங்க தம்பி" என்று சொல்லாத கடைக்காரர் இப்போது குறைவு. "ஸ்கேன் பண்ணினா என்ன வரணும் அண்ணாச்சி?" என்று கேட்டால்தான் யோசிக்கவே ஆரம்பிப்பார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நம்ம ஊரில் கியூஆர் கோடு என்றாலே பணம் கட்டுவதுதான். டவுன் ரத வீதி பூக்கடையில் இருந்து ஜங்ஷன் டீக்கடை வரை அப்படித்தான் பழகியிருக்கிறோம். ஆக, கல்லா அருகில் பணத்துக்கான கோடும், பக்கத்திலேயே 'எங்கள் புதிய வகைகளைப் பாருங்கள்' கோடும் இருந்தால் என்ன நடக்கும்? வாடிக்கையாளர் பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து இரண்டாவதைக் காட்டுவார். அது செல்லாத கோடு என்று சொல்லிவிடும். "அண்ணாச்சி, இதுல பணம் போகமாட்டேங்கு" என்பார். பின்னால் வரிசை நிற்கும். இரண்டு நாளில் கடைக்காரரே அந்த ஸ்டிக்கரைக் கிழித்துவிடுவார். இதை நான் ஒரு கடையில் அல்ல, பல கடைகளில் பார்த்துவிட்டேன்.

காரணம் எளிது. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994-ல் வாகன உதிரி பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கிய இந்தக் கட்டத்துக்குள் இருப்பது வெறும் எழுத்துகள்தான். பணத்துக்கான கோட்டில் யூபிஐ முகவரி இருக்கும். விளம்பரக் கோட்டில் இணைய முகவரி இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். அதனால் விளம்பரக் கோட்டைக் கல்லாவுக்கு அருகே வைக்கவே கூடாது. பொருள் அடுக்கியிருக்கும் இடத்திலோ, பார்சல் பெட்டி மேலோ, உட்காரும் பெஞ்சுக்கு எதிரிலோ வையுங்கள். மேலே பெரிதாக, 'விலைப்பட்டியல் பார்க்க, போன் கேமராவில் காட்டுங்கள்' என்று தமிழில் எழுதுங்கள். 'ஸ்கேன் செய்யவும்' என்று மட்டும் எழுதினால் போதாது. எதற்கு என்று தெரியாமல் யாரும் போனை எடுப்பதில்லை.

அடுத்தது, கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பக்கம். பத்தமடைப் பாய் வாங்க நிற்கிறவர் மனதில் இருப்பது ஒரே கேள்வி: கோரைப் பாய்க்கு இந்த விலையா? கோரையைக் கிழித்து, ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, நூல் போலாக்கி நெய்வதை ஒரு நிமிட வீடியோவில் காட்டினால் அவருக்குப் பதில் கிடைத்துவிடும். அதை விட்டுவிட்டு கடையின் முகப்புப் பக்கத்துக்கோ, முகநூல் பக்கத்துக்கோ கொண்டுபோய் விடுகிறோம். அங்கே போன பொங்கல் வாழ்த்துதான் முதலில் நிற்கும். அப்புறம், அந்தப் பக்கம் கனமாக இருக்கக்கூடாது. குற்றாலம் சீசன் கூட்டத்திலும் மலைப்பக்கத்திலும் சிக்னல் தடுமாறும். பெரிய படங்கள் திறப்பதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார்.

பலருக்குத் தெரியாத ஒரு தவறு, வாட்ஸ்அப் லிங்க்கில் தமிழ் வாக்கியத்தை முன்கூட்டியே நிரப்பி வைப்பது. 'கருப்பட்டி அல்வா வேண்டும்' என்று வாடிக்கையாளர் தட்டச்சு செய்யாமலே வந்துவிடும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் லிங்க்குக்குள் போகும்போது தமிழின் ஒவ்வொரு எழுத்தும், அதோடு சேரும் ஒவ்வொரு புள்ளியும், கொம்பும், காலும் தனித்தனியாக 9 குறிகளாக விரியும். அந்த மூன்று சொல்லே 200 குறிகளைத் தாண்டிவிடும். லிங்க்கில் வெறும் போன் எண் மட்டும் இருந்தால் 25×25 கட்டத்தில் முடிகிற கோடு, இதனால் 61×61 ஆகிவிடுகிறது. விசிட்டிங் கார்டில் 2 சென்டிமீட்டருக்குள் அதை அடைத்தால் ஒரு கட்டம் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான். பழைய போன் கேமரா திணறும். வாட்ஸ்அப் பிசினஸில் கிடைக்கும் குறுகிய லிங்க்கில் வாக்கியத்தை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை.

அல்வா பெட்டியில் அச்சடிப்பவர்கள் நெய்யை மறந்துவிடுகிறார்கள். கோட்டுக்கு நான்கு திருத்த நிலைகள் உண்டு: சேதம் சுமார் 7, 15, 25, 30 சதவீதம் வரை இருந்தாலும் படிக்கும். பெட்டிக்கு 25 அல்லது 30 சதவீத நிலையைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் லோகோ வைத்தால் அதுவும் சேதக் கணக்கில்தான் சேரும். லோகோவும் நெய்க்கறையும் சேர்ந்தால் தாங்காது. மெரூன் பெட்டியில் தங்க நிறக் கோடு அழகுதான், ஆனால் வெளிர் பின்னணியில் அடர் நிறமே நம்பகமானது. சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும்.

தூரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அளவு என்பது நடைமுறைக் கணக்கு. 5 மீட்டரில் நின்று பார்க்கும் பலகைக்கு 50 சென்டிமீட்டர் கோடு. ஓடும் பஸ்ஸின் பின்புறம் போடுவது வீண். அதைவிட, வண்டி ஓட்டுகிறவர் போனை எடுத்தால் ஆபத்து.

இலவசமாகக் கோடு செய்து தரும் தளங்களில் எச்சரிக்கை வேண்டும். ஒருமுறை சீசனுக்காக ஒரு விடுதிக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் கோடு செத்துவிட்டது. கோட்டுக்குள் இருந்தது விடுதியின் முகவரி அல்ல, அந்தத் தளத்தின் முகவரி. சோதனைக் காலம் முடிந்துவிட்டதாம், பணம் கட்டினால்தான் திறக்குமாம். அச்சடித்த தாளை என்ன செய்ய? அந்த விடுதிக்காரர் முகத்தை இன்னும் மறக்கமுடியவில்லை. இப்போது கடையின் சொந்த இணைய முகவரிக்குப் பின்னால் ஒரு சிறு சொல் சேர்த்துக் குறுகிய பாதை வைத்து, அதைத்தான் கோட்டில் போடுகிறேன். உள்ளே போய்ச்சேரும் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பெட்டிக்கு ஒன்று, நோட்டீஸுக்கு ஒன்று என்று தனித்தனிப் பாதை வைத்தால் எங்கிருந்து ஆள் வருகிறார் என்பதும் தெரியும்.

கோட்டுக்குக் கீழே அந்த முகவரியையும் போன் எண்ணையும் எழுத்தில் போடுங்கள். ஸ்கேன் செய்தால் பணம் போய்விடுமோ என்ற பயம் மக்களிடம் இருக்கிறது, அது நியாயமான பயம். அசல் கோட்டின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுகிறார்கள். போன் காட்டும் முகவரியும் அச்சில் இருப்பதும் ஒன்றுதானா என்று வாடிக்கையாளர் பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரரும் காலையில் ஷட்டர் திறந்ததும் இரண்டு கோட்டையும் ஒருமுறை தன் போனில் காட்டிப் பார்த்துவிடுவது நல்லது.